மெர்ல் அடைத்த தோட்டாக்கள்

டாகர்ட் ஓடை, ஐடஹோ
மே 14, 1989

அன்புள்ள லைல்,

இங்கே நான் ஏதோ இருக்கிறேன். பனி உருகி ஓடைத் தண்ணீர் பாலத்தைத் தொட்டுக்கொண்டு போகிறது. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? உனக்குப் போனில் ஒன்றும் கேட்காது என்பதால் எழுதுகிறேன். ஆறாம் வகுப்போடு நின்றவள் கையெழுத்து, பொறுத்துக்கொண்டு படி.

போன வாரம் கோழிக்கூட்டுக்குக் கரடி வந்தது. உன் அண்ணனின் ரிவால்வரை எடுத்து, கரடிக்குத் தள்ளி ஓடைக்கரை மண்ணில் சுட்டேன். உருளை காலியாகும்வரை சுட்டேன். கரடி ஓடிவிட்டது. பிறகு உருளையைத் திறந்து வெற்றுக் கூடுகளைத் தள்ளினால் ஒன்றும் அசையவில்லை. முன்பெல்லாம் மெர்ல் துப்பாக்கியைக் கவிழ்த்துத் தள்ளுகம்பியை ஒரு தட்டுத் தட்டினால் பொலபொலவென்று கீழே விழும். நான் உள்ளங்கையால் அடித்து அடித்துக் கை கன்றிப்போயிற்று. கடைசியில் விறகுக் கட்டையை எடுத்துத் தட்டி எடுத்தேன்.

எல்லாம் போன இலையுதிர்காலத்தில் அவர் கொட்டகையில் உட்கார்ந்து, வெற்றுக் கூட்டில் வெடிமருந்தும் குண்டும் வைத்துத் தன் கையால் அடைத்த தோட்டாக்கள். அலமாரியில் இன்னும் இருக்கின்றன. இங்கே நான் ஒருத்திதான். கரடி திரும்ப வந்து, துப்பாக்கி இப்படிப் பிடித்துக்கொண்டால் நான் என்ன செய்வேன்?

மகள் ரோண்டா ஏப்ரலிலேயே சுமை தூக்கும் கோவேறு கழுதைக் கூட்டத்தோடு மலைக்குப் போய்விட்டாள், சமையல் வேலைக்கு. வாரம் ஒருமுறை சின்ன விமானத்தில் தபால் போகும்.

இது மாதிரி விஷயத்தை நான் அவரிடம்தான் கேட்பேன். ஜனவரிக்குப் பிறகு கேட்க ஆள் இல்லை. அவர் ஏன் அந்தக் குளிரில் மேலே பழைய மேய்ச்சல் நிலத்துக்கு நடந்து போய் அங்கேயே உறைந்து கிடந்தார் என்பதும் எனக்கு இன்னும் விளங்கவில்லை. அது இப்போது நம்முடைய நிலம்கூட இல்லை.

பதில் போடு.

உன் அண்ணி,
ஓபல்


கிங்மன், அரிசோனா
மே 23

அன்புள்ள அண்ணிக்கு,

முதுகு முதுகாகவே இருக்கிறது. வெயில் வந்துவிட்டது, பல்லிகூட நிழலைத் தேடுகிறது. நீங்கள் தனியாக இருப்பதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பயப்படாதீர்கள். கூடு ஒட்டிக்கொள்வதற்கு முதல் காரணம் அழுக்கு. அண்ணன் பழகுவதற்கு நீளம் குறைந்த தோட்டாவைத்தான் சுடுவார். அது எரிந்த கரி உருளையின் துளைக்குள் முன்பக்கமாக ஒரு வளையம் போலப் படியும். பிறகு நீளத் தோட்டாவைப் போட்டுச் சுட்டால், கூடு விரிந்து அந்த வளையத்தில் போய்ச் சிக்கிக்கொள்ளும். பித்தளைக் கம்பித் தூரிகை ஒன்று வாங்குங்கள். துப்பாக்கி கழுவும் எண்ணெய் அண்ணன் மேசைக்கு அடியிலேயே இருக்கும். ஊறவைத்து, ஒவ்வொரு துளையையும் தேயுங்கள். விளக்கில் பிடித்துப் பார்த்தால் உள்ளே கண்ணாடி மாதிரி மின்ன வேண்டும்.

கடையில் விற்கிற தோட்டா கொஞ்சம் வாங்கி, முதலில் அதைச் சுட்டுப் பாருங்கள். பிறகு அண்ணனுடையதைச் சுடுங்கள். ஒரே துளையில் மட்டும் ஒட்டுகிறதா, எல்லாவற்றிலுமா என்று எழுதுங்கள்.

அண்ணன் மருந்து போட்டதில் தப்பு இருக்காது. அந்தப் பேச்சுக்கே இடமில்லை. தேவாலயத்தில் காணிக்கை எண்ணுகிறவன்கூட அவ்வளவு கவனமாக எண்ணமாட்டான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

லைல்


டாகர்ட் ஓடை
ஜூன் 5

அன்புள்ள லைல்,

உன் கடிதம் கிடைத்தது. நேரத்துக்குச் சாப்பிடு. நான் சாப்பிடுகிறேன்.

தூரிகை வாங்க டவுனுக்குப் போனேன். ஃபெரின் கடையில் நீளத் தோட்டாவும், அதுதான் மேக்னம், கேட்டேன். அவனுக்கு வாய் சும்மா இருக்குமா? "என்னம்மா ஓபல், கோழித் திருடனுக்கா மேக்னம்? தோலுகூட மிஞ்சாதே"ன்னான். "உன் வாயைத் தைக்க ஊசி வச்சிருக்கியா, அதையும் குடு"ன்னேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். பிறகு அவன் குரல் தாழ்ந்து, "மெர்ல் இருந்தவரைக்கும் என் கடைத் தோட்டாவை அந்த வீட்டுக்கு நான் வித்ததே இல்லம்மா"ன்னான்.

நீ சொன்னபடி தேய்த்தேன். உள்ளே மின்னியது. கடைத் தோட்டாவைச் சுட்டேன். கவிழ்த்ததும் விழுந்தன. மெர்லுடையதைச் சுட்டேன். சில விழுந்தன. மற்றவை கட்டையால் அடித்தும் வரவில்லை. ஒட்டினது ஒரே துளையிலும் இல்லை. இந்த முறை இங்கே, அடுத்த முறை வேறெங்கோ. ஒட்டாதவை வெடிக்கும்போது கை வழக்கம்போல் தூக்கியது. ஒட்டியவை வெடித்தபோது தோள்வரைக்கும் உதறியது, சத்தமும் வேறு.

இன்னொன்று பார்த்தேன். கூட்டின் பின்புறம் ஊசி குத்துகிற சின்ன வட்டம் இருக்கிறதே, அது கடைத் தோட்டாவில் ஓரம் உருண்டையாக இருக்கிறது. ஒட்டிய கூட்டில் அது இஸ்திரி போட்டது மாதிரி தட்டையாகி விளிம்போடு ஒட்டிப்போயிருக்கிறது.

அடக்கம் முடிந்து கிளம்பும்போது ரோண்டாவுக்கு ஒரு பெட்டி தோட்டா கொடுத்தனுப்பினேன், அப்பா ஞாபகமாக இருக்கட்டும் என்று. அவளுக்கும் ஒட்டுமோ?

ஓபல்


கிங்மன்
ஜூன் 13

அண்ணி,

அண்ணன் அடைத்ததை இனி ஒன்றுகூடச் சுடாதீர்கள். ஒன்றுகூட.

கடைத் தோட்டா விழுகிறது என்றால் துப்பாக்கியில் குறையில்லை. பின்வட்டம் தட்டையாகிறது என்றால் உள்ளே அழுத்தம் தாங்கமுடியாத அளவுக்குப் போகிறது. இப்போது ஒட்டுகிறது. அடுத்ததில் உருளையே பிளக்கலாம். கண்ணும் விரலும் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ரோண்டாவுக்கு இன்றைக்கே எழுதுங்கள். தோட்டா அடைக்கிறவர்கள் மத்தியில் ஒரு வழக்கம் உண்டு, இன்னொருவர் கையால் அடைத்ததை யாரும் சுடமாட்டோம். அண்ணனுடையது என்பதால் நானே அதை மீறச் சொல்லிவிட்டேன். செத்தவர் வைத்துவிட்டுப் போனதைப் பிரித்துக் கொட்டிவிடுவோம். அவள் அடைக்கிறவள் இல்லை, அதனால் அவளுக்கு இது தெரியாது.

அண்ணன் மேசையில் உள்ளே குடைந்த பிளாஸ்டிக் சுத்தியல் ஒன்று இருக்கும். தோட்டாவை அதன் தலைக்குள் மாட்டி மரக்கட்டையில் ஓங்கித் தட்டினால் குண்டும் மருந்தும் தனியாகக் கழன்றுவிடும். அடுப்பு, சிகரெட் எதுவும் பக்கத்தில் இருக்கக்கூடாது. மருந்தை வெள்ளைத் தட்டில் கொட்டி, என்ன தெரிகிறதோ அப்படியே எழுதுங்கள்.

லைல்


டாகர்ட் ஓடை
ஜூன் 18

அன்பு மகள் ரோண்டாவுக்கு,

எப்படி இருக்கிறாய்? சளி விட்டதா? கம்பளிச் சட்டை போதுமா? கோழிகள் முட்டை போடுகின்றன, தின்னத்தான் ஆள் இல்லை.

அப்பா அடைத்த தோட்டாவை உன் துப்பாக்கியில் போடாதே. சித்தப்பா சொல்கிறார். ஒருவர் அடைத்ததை இன்னொருவர் சுடக்கூடாதாம், அது அவர்கள் வழக்கமாம். ஞாபகத்துக்குப் பெட்டியோடு அப்படியே வைத்துக்கொள். சுடுவதற்குக் கடைத் தோட்டா வாங்கிக்கொள்.

பதில் போடு.

அம்மா


மேல் முகாம்
ஜூலை 2

அம்மா,

நான் நல்லா இருக்கேன். சளி போச்சு, கொசு வந்துருச்சு. என் பூட்ஸை ஒரு கழுதை தின்னுருச்சு. க்ளாய்ட் கேக்குறாரு, "உன் சமையலை விட்டுட்டு அது ஏன் பூட்ஸைத் தின்னுச்சுன்னு யோசிச்சியா"ன்னு. முதலாளியாப் போயிட்டாரு, இல்லன்னா கரண்டியாலயே போட்டிருப்பேன்.

லைல் சித்தப்பா அரிசோனா வெயில்ல உக்காந்து எல்லாத்துக்கும் பயப்படுறாரு. மத்தவங்க அடைச்சதைச் சுடக்கூடாது, சரி. அப்பா மத்தவங்களா? சின்ன வயசுல இருந்து அவர் அடைச்சதைத்தான் சுட்டிருக்கேன். அப்பா தப்பாப் போடுவாரா? அலமாரியில வச்சுக் கும்பிடவா அவர் அடைச்சாரு?

இங்க சமையல் கூடாரத்துக்கு ஒரு கரடி பழகிருச்சு. என் துப்பாக்கியில அப்பாவோடதுதான் இருக்கு. அது இடுப்புல இருந்தா எனக்குத் தூக்கம் வருது.

அடுத்த வாரம் இன்னும் மேலே போறோம். அங்க தபால் வராது. எழுதலன்னா கவலைப்படாத.

ரோண்டா


டாகர்ட் ஓடை
ஜூலை 10

அன்புள்ள லைல்,

வெயில் ரொம்ப என்று ரேடியோவில் சொன்னார்கள். தண்ணீர் நிறையக் குடி.

பிரித்தேன். முதல் தோட்டாவைத் தட்டுவதற்குள் மூச்சு வாங்கியது. அவர் மேசையில் அவர் ஸ்டூலில் உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் நான் அதில் உட்கார்ந்ததே இல்லை.

முதலில் பிரித்ததில் மருந்து பொடிப்பொடியான மணியாக இருந்தது, கசகசா மாதிரி. எல்லாம் ஒரே மாதிரி. சரி, நல்லதுதான் என்று நினைத்தேன். அடுத்ததில் அந்த மணியும் இருந்தது, நடுவே தட்டையான கரும்பொட்டுகளும் இருந்தன. இன்னொன்றில் பாதிக்குமேல் பொட்டுதான். பிறகு பிரித்ததில் மறுபடி மணி மட்டும். தட்டில் விரலால் தள்ளிப் பிரித்து வைத்துப் பார்த்தேன். நிச்சயமாக இரண்டு ஜாதி.

அலமாரியில் போய்ப் பார்த்தேன். ஒரு மருந்து டப்பா காலி. இன்னொரு டப்பாவைத் திறந்தால் அதற்குள்ளும் இரண்டும் கலந்து கிடக்கிறது.

இது என்ன லைல்? இப்படிச் செய்யலாமா? எனக்கு மாவும் சோடாவும்தான் தெரியும்.

ரோண்டா என் பேச்சைக் கேட்கவில்லை. துப்பாக்கியில் அதைத்தான் போட்டு வைத்திருக்கிறாள். "மருந்து கலந்துபோயிருக்கிறது, தொடாதே" என்று இன்றைக்கே அவளுக்கும் எழுதிப் போடுகிறேன்.

உடனே பதில் போடு.

ஓபல்


டாகர்ட் ஓடை
ஜூலை 31

அன்புள்ள லைல்,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. உடம்புக்கு ஏதாவதா?

விமான ஓட்டி தாடியஸைப் பார்க்க டவுனுக்குப் போனேன். "தபால் மூட்டையை ஓடுபாதைக் குடிசையில ஆணியில மாட்டிட்டு வந்துட்டேம்மா. அவங்க மேல போயிட்டாங்க, எப்ப இறங்குவாங்கன்னு அவங்களுக்கே தெரியாது. இறங்கினா எடுத்துப்பாங்க"ன்னான். "நீ மேல பறந்து ஒரு சீட்டை எழுதிப் போட முடியாதா"ன்னு கேட்டேன். "அந்தப் பள்ளத்துக்குள்ள நான் இறக்கினா என்னைப் பொறுக்க இன்னொருத்தன் வரணும்"ன்னான். அவன் சொல்வதும் சரிதான்.

வீட்டுக்கு வந்து என்ன செய்வதென்று தெரியாமல் ஜன்னலெல்லாம் துடைத்தேன்.

ஓபல்


கிங்மன்
ஆகஸ்ட் 12

அன்புள்ள அண்ணிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

எனக்குப் பதினைந்து வயதில் இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தது அண்ணன்தான். முதல் நாள் சொன்ன முதல் வார்த்தை: "மேசை மேல ஒரு டப்பாதான்டா. அதை மூடி அலமாரியில வச்சப்புறம்தான் அடுத்ததைத் தொடணும். இல்லன்னா கையை வெட்டிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போ." மணி மருந்து மெதுவாக எரியும், மேக்னத்துக்கு அதுதான். பொட்டு மருந்து சட்டென்று எரியும், கொஞ்சமாகத்தான் போடவேண்டும். மணிக்கான அளவில் அதைப் போட்டால் என்ன ஆகும் என்பதை நீங்களே உங்கள் தோளில் பார்த்துவிட்டீர்கள். ஒன்றின் டப்பாவில் மற்றதைக் கொட்டுவது பச்சைப் பிள்ளைகூடச் செய்யாத காரியம். என் அண்ணன் செய்யமாட்டார். வேறொரு ஆள் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தால்தான் இது நடக்கும். வேறு யாரும் அங்கே வரவில்லை.

அண்ணி, ஜனவரியில் அவர் எங்கே கிடந்தார் என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். அதற்குமேல் எழுதக் கை வரவில்லை.

மீதி எல்லாவற்றையும் பிரித்துவிடுங்கள். மருந்தைத் தோட்டத்து மண்ணில் தூவிக் கொத்திவிடுங்கள். செடிக்கு நல்லதுதான், ஒன்றும் செய்யாது.

லைல்


டாகர்ட் ஓடை
ஆகஸ்ட் 20

அன்பு மகள் ரோண்டாவுக்கு,

இந்தக் கடிதம் எப்போது உன் கையில் கிடைக்குமோ. கிடைக்கும்போது நீ சுகமாக இருக்கவேண்டும். தினமும் அதைத்தான் வேண்டிக்கொள்கிறேன்.

அந்தத் தோட்டாவைச் சுடாதே என்று முதலில் காரணம் சொல்லாமல் எழுதினேன், நீ கேட்கவில்லை. அப்போது எனக்கே முழுக் காரணம் தெரியாது, உன்னைப் பயமுறுத்தவும் மனம் வரவில்லை. இப்போது தெரிந்ததை எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

அப்பா அந்தத் தோட்டாக்களை அடைத்தபோது அவர் புத்தி அவரிடம் இல்லை. எப்போதும் இல்லை என்று சொல்லமாட்டேன். இருந்திருக்கிறது, போயிருக்கிறது, வந்திருக்கிறது. இரண்டு மருந்தை ஒன்றாகக் கொட்டியிருக்கிறார். பிரித்து என் கண்ணால் பார்த்தேன். சித்தப்பாவும் அதைத்தான் சொல்கிறார்.

அவரைத் தூக்கி வந்தபோது கோட்டுப் பையில் வைக்கோல் கட்டு கட்டும் கயிறு இருந்தது, அறுத்துச் சுருட்டி வைத்திருந்தார். அது எதற்கு என்று அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை. மாடுகளுக்குத் தீனி போடப் போயிருக்கிறார் ரோண்டா. அந்த மாடுகளை நீ பள்ளிக்கூடம் போகும்போதே விற்றாயிற்று. அந்த நிலத்தையும் விற்றாயிற்று. அவருக்கு மட்டும் மாடுகள் பசியோடு நின்றிருக்கின்றன.

அப்பா தப்பாகப் போடுவாரா என்று கேட்டாய். உன் அப்பா போடமாட்டார். அதனால்தான் சொல்கிறேன், துப்பாக்கியைத் திறந்து அவற்றை வெளியே எடு.

அம்மா


ஓடுபாதை முகாம்
செப்டம்பர் 9

அம்மா,

நேத்துதான் இறங்கினோம். உன் ரெண்டு கடிதமும் ஒண்ணா ஆணியில தொங்கிட்டிருந்துச்சு.

முதல்ல இதைச் சொல்றேன், என் கை முழுசா இருக்கு. கண்ணு இருக்கு. ஜூலை கடைசியில கரடி கூடாரத்துக்குள்ளயே வந்துருச்சு. ரெண்டு தடவ சுட்டேன். ரெண்டாவது வெடி வெடிச்சப்ப யாரோ கட்டையால மணிக்கட்டுல அடிச்ச மாதிரி இருந்துச்சு. அப்புறம் உருளை சுத்தவும் இல்ல, திறக்கவும் இல்ல. கரடி தானாப் போச்சு. க்ளாய்ட் பாத்துட்டு, "உருளை உப்பிப்போச்சு, இன்னும் ஒரு முடி அகலம் போயிருந்தா இந்தக் கோடையில நீ எங்களுக்குச் சமைச்சிருக்க மாட்டே"ன்னாரு. அவரு கேலி பேசாம நான் பாத்தது அன்னிக்குத்தான்.

உன் கடிதம் படிச்சப்புறம் மிச்சத்தை எல்லாம் க்ளாய்ட்கூட உக்காந்து கித்தான் மேல பிரிச்சேன். நல்லது கெட்டது மாறி மாறி வந்துச்சு. நாலஞ்சு சுத்தமா இருக்கும், அப்புறம் கலந்தது, அப்புறம் மறுபடி சுத்தம். ஒரு நல்லதை எனக்குன்னு வச்சுக்கலாம்னு பாத்தேன். பிரிக்காம எது நல்லதுன்னு தெரியல. எடை ஒண்ணுதான், பளபளப்பு ஒண்ணுதான், குண்டு உக்காந்திருக்கிற உயரமும் ஒண்ணுதான். பிரிச்சப்புறம் வச்சுக்க ஒண்ணும் இல்ல.

அம்மா, உன்னைக் குத்தம் சொல்லலை. தெரிஞ்சுக்கணும்னு கேக்கறேன். நீ கூடவே இருந்தியே. உனக்கு ஒண்ணுமே தெரியலையா?

ரோண்டா


டாகர்ட் ஓடை
செப்டம்பர் 17

அன்பு மகள் ரோண்டாவுக்கு,

உன் கை முழுசாக இருக்கிறது என்று எழுதிய வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கோழிக்கூட்டுப் பக்கம் போய் நின்றேன். பிறகுதான் மீதியைப் படித்தேன். மணிக்கட்டில் வலி இருந்தால் சூடான துணி வைத்துக் கட்டு.

நீ கேட்டதை நானே என்னை ஒரு மாசமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தெரியவில்லை ரோண்டா. தினமும் சாப்பிட்டுவிட்டுக் கொட்டகைக்குப் போவார். வருவார், கை கழுவுவார். "ஆச்சா"ன்னு கேட்பேன். "ஆச்சு"ம்பார். கல்யாணமான நாளிலிருந்து அவர் பேச்சு அவ்வளவுதான். மறதி நோய் வந்தவர்கள் நிறையக் கத்துவார்கள், தொலைந்துபோவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அவர் பேசாத மனிதர், இன்னும் கொஞ்சம் பேசாமல் இருந்தார்.

எப்போதாவது பேசினால் கேலிதான். சிரிக்காமல், முகம் மாறாமல் கேலி பேசுவார், உனக்குத் தெரியுமே.

நவம்பரில் ஒரு நாள் கொட்டகையிலிருந்து வந்து வாசல்படியிலேயே நின்றார். "உள்ள வரலாங்களா"ன்னு கேட்டார். பூட்ஸ் பூராவும் சேறு. அதைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "கழட்டிட்டு வாங்க"ன்னேன். கழட்டிவிட்டு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். காபி கொடுத்தேன். குடித்துவிட்டு, "காபி நல்லா இருக்கு. உங்க வீட்டுக்காரர் எப்ப வருவாரு"ன்னார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவரு வந்து ரொம்ப நேரமாச்சு"ன்னேன்.

அவரும் சிரித்தார்.

பனி விழுவதற்குள் ஒருமுறை வந்துவிட்டுப் போ.

அம்மா